குலுக்கலில் பொறியாளரைத் தேர்ந்தெடுக்காதீர்கள்: விண்வெளித் துறைக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: செயலர், விண்வெளித் துறை, பெங்களூரு, இஸ்ரோ மையங்களின் இயக்குநர்கள், கொள்முதல், பண்டகசாலை, கணக்குப் பிரிவுகளின் தலைவர்கள்.

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். எஞ்சின் சோதனை மேடையில் சென்சார் பொருத்துவது, கசிவு பார்ப்பது, வயரிங் இழுப்பது, எக்ஸ்ரே எடுப்பது, உதிரிபாகம் கடைவது, வரைபடம் போடுவது, கணினியில் தகைவு கணக்கிடுவது என்று உங்கள் மையங்களுக்குப் பொறியியல் உதவி செய்யும் சிறு நிறுவனங்களின் சார்பில் இதை எழுதுகிறோம். 2023 விண்வெளிக் கொள்கை வந்தபின் இஸ்ரோ ஆராய்ச்சியின் பக்கம் கூடுதலாக நகர்கிறது. அன்றாட இயக்கமும் பராமரிப்பும் மேன்மேலும் ஒப்பந்தத்துக்குப் போகின்றன. மகேந்திரகிரியில் செமி-கிரையோ (மண்ணெண்ணெயும் திரவ ஆக்சிஜனும் எரிக்கும்) எஞ்சின் சோதனைக்கூடம் 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. குலசேகரன்பட்டினத்தில் ஏவுதளம் எழும்பிக்கொண்டிருக்கிறது. இரண்டுக்கும் பல ஆண்டுகளுக்கு ஆட்கள் தேவைப்படுவார்கள். அவர்களை எந்த டெண்டர் முறையில் எடுக்கப்போகிறீர்கள் என்பதுதான் எங்கள் கவலை.

அறிவியல் நிறுவனங்களில் இந்த வேலைகளில் பல ‘மேன்பவர் அவுட்சோர்சிங்’ என்ற ஒரே தலைப்பின் கீழ் அரசுக் கொள்முதலுக்கான இணையதளமான ஜெம் தளத்தில் ஏலத்துக்கு வருகின்றன. அலுவலக உதவியாளருக்கும் துப்புரவுப் பணியாளருக்கும் போடும் அதே படிவம்தான். ஊதியத்தைச் சேவை வாங்கும் நிறுவனமே நிர்ணயித்துவிடும். பிஎஃப், இஎஸ்ஐ சட்டப்படி. போட்டி போட மிஞ்சுவது சர்வீஸ் சார்ஜ் ஒன்றுதான். ஒருகாலத்தில் பூஜ்யம் என்றே விலை போட்டார்கள். பூஜ்யம் போட்டால் அந்த டெண்டர் செல்லாது என்று 2014 ஜனவரியில் நிதி அமைச்சகம் சொன்னது. உடனே பூஜ்யத்துக்குப் பின் புள்ளி வைத்து நாலைந்து இலக்கம் தள்ளி ஓர் எண் போட்டார்கள். 2023 ஜனவரியில் அதற்கும் கடிவாளம் வந்தது: ஆள் வழங்கும் சேவைக்குக் குறைந்தபட்ச சர்வீஸ் சார்ஜ் 3.85 சதவீதம். நல்ல நோக்கம்தான். விளைவு என்ன? எல்லோரும் 3.85 போடுகிறார்கள். ஐம்பது பேர் போட்டால் ஐம்பது பேரும் எல்-1, அதாவது மிகக் குறைந்த விலை சொன்னவர். பிறகு தளத்தின் மென்பொருள் அந்த ஐம்பதில் ஒன்றைத் தற்செயலாக எடுக்கும். சீட்டுக் கம்பெனியில்கூடக் குலுக்கலில் விழுந்தவருக்குப் பணம் தருமுன் ஜாமீன் பார்ப்பார்கள்.

3.85 சதவீதத்தில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை கணக்குப் பார்த்துவிடலாம். டிப்ளமோ படித்த ஒரு டெக்னீஷியனுக்கு மாத ஊதியம் 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பிஎஃப்பில் முதலாளியின் பங்கு, நிர்வாகக் கட்டணம், காப்பீடு எல்லாம் சேர்த்து 15,000 உச்சவரம்பின்மேல் 13 சதவீதம்: 1,950. இஎஸ்ஐ 3.25 சதவீதம்: 650. போனஸ் 8.33 சதவீதத்தை முழு ஊதியத்தின்மேல் போட்டால் 1,666. கிராஜுவிட்டி ஆண்டுக்கு 15 நாள் ஊதியம், 26 நாள் கணக்கில்: மாதம் 962. இருபது நாள் வேலைக்கு ஒரு நாள் விடுப்பு, அந்த நாளில் மாற்று ஆளுக்கு ஊதியம்: ஏறக்குறைய இன்னொரு 962. ஆக 26,190. இதன்மேல் 3.85 சதவீதம் என்றால் 1,008 ரூபாய். பில் தொகை 27,198. ஜிஎஸ்டி 18 சதவீதம் தனி.

அந்த 1,008 ரூபாய்க்குள்தான் பாதுகாப்புக் காலணி, தலைக்கவசம், மருத்துவப் பரிசோதனை, பயிற்சி, சூப்பர்வைசர் சம்பளம், பேங்க் கேரண்டிக் கமிஷன், அலுவலகச் செலவு, லாபம் எல்லாம் அடங்க வேண்டும். பில்லிலிருந்து வருமான வரிப் பிடித்தம் 2 சதவீதம், ஜிஎஸ்டி டிடிஎஸ் 2 சதவீதம், ஆக 4 சதவீதம் கழித்துத்தான் பணம் வரும். 27,198-க்கு 4 சதவீதம் 1,088 ரூபாய். நிறுவனத்தின் மொத்த வருமானத்தைவிடப் பிடித்தம் அதிகம். இது இழப்பு அல்ல. ஜிஎஸ்டிப் பிடித்தம் கணக்கில் வரவாகும், வருமான வரிப் பிடித்தத்தில் கட்ட வேண்டிய வரி போக மிச்சம் கணக்குத் தாக்கல் செய்தபின் திரும்பும். ஆனால் ஏழாம் தேதி சம்பளம் போட வேண்டிய கைக்கு அது வராது. பில் பாஸாக 60 நாள் ஆனால், 40 பேர் கொண்ட ஒப்பந்தத்தில் இரண்டு மாத பில், அதாவது ஏறத்தாழ 21.76 லட்சம், எப்போதும் வெளியே நிற்கும். ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில் மாதம் 21,760 ரூபாய். ஒரு தலைக்கு 544. சர்வீஸ் சார்ஜில் பாதிக்கு மேல் வங்கிக்குப் போகிறது.

இதற்கு மேல் ஒரு நிறுவனம் நிலைத்து நிற்பதென்றால், வெட்டு எங்கே விழும் என்பதை நீங்களே ஊகிக்கலாம். முதலில் பயிற்சி போகும். அடுத்து மாற்று ஆள் போவார். மோசமான கையில் இருந்தால், வங்கியில் போட்ட சம்பளத்தில் ஒரு பங்கைத் தொழிலாளியிடமிருந்து ரொக்கமாகத் திரும்ப வாங்கும் வழக்கம் தலைகாட்டும். ஒப்பந்தத் தொழிலில் இது யாருக்கும் தெரியாத ரகசியமல்ல.

சோதனை மேடையில் பயிற்சி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கொள்முதல் பிரிவினருக்காகக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறோம், பொறியாளர்கள் பொறுத்துக்கொள்ளவும். சிஇ-20 போன்ற கிரையோஜெனிக் (மிகக் குளிர்ந்த திரவ எரிபொருளில் இயங்கும்) எஞ்சினுக்குப் போகும் திரவ ஹைட்ரஜன் குழாயில் நைட்ரஜனை ஓட்டிக் காற்றை விரட்டியபின் மறுபடி ஹீலியம் ஓட்டி நைட்ரஜனையும் விரட்ட வேண்டும். நைட்ரஜன் மைனஸ் 210 டிகிரியில் உறைந்துவிடும். திரவ ஹைட்ரஜன் மைனஸ் 253. மிச்சம் இருக்கும் நைட்ரஜன் கட்டியாகி வால்வில் உட்காரும். ஆக்சிஜன் குழாயில் வேறு பேச்சு: சாதாரண கிரீஸ் தொட்ட கையுறையோடு இணைப்பைப் பிடித்தால், அந்தப் பிசுக்கே தீப்பிடிக்கப் போதும். குழாய் இணைப்புகளைத் திரவ நைட்ரஜனில் குளிர்வித்து, மீண்டும் இறுக்கம் பார்த்து, ஹீலியம் கசிவுமானியால் ஒவ்வொன்றாகத் தடவ வேண்டும். அறை வெப்பத்தில் இறுக்கமாக இருந்த இணைப்பு, குளிரில் பாகங்கள் வெவ்வேறு அளவில் சுருங்குவதால் தளரும். இரண்டு அழுத்த சென்சார்களின் கனெக்டர் மாறிப்போனால் கணினித் திரையில் இரண்டு கோடுமே அழகாகத்தான் வரும். ஆனால் எஞ்சினை நிறுத்த வேண்டிய எல்லையைத் தவறான கோட்டில் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

இவற்றில் எதையும் சான்றிதழ் பார்த்து அறிய முடியாது. மேடையில் நாலைந்து சோதனைகளைக் கண்ட கைக்குத்தான் வரும். மனிதரை ஏற்றும் தரத்துக்கு சிஇ-20 எஞ்சினைத் தகுதிப்படுத்த 4 எஞ்சின்களில் 39 சோதனைகள், மொத்தம் 8,810 விநாடி எரித்துப் பார்த்தீர்கள். தேவைப்பட்டது 6,350 விநாடி. எஞ்சினிடம் இவ்வளவு சான்று கேட்கும் அமைப்பு, அதற்குச் சென்சார் கட்டும் கையை மென்பொருள் குலுக்கலுக்கு விடுவது பொருந்தவில்லை.

விதி இடம் தரவில்லை என்று சொல்ல முடியாது. பொது நிதி விதிகள் 2017-இன் 149-ஆம் விதி ஜெம் தளத்தில் வாங்கச் சொல்கிறது. எந்தத் தலைப்பில் வாங்க வேண்டும் என்பதை வேலையின் தன்மைதான் தீர்மானிக்கிறது. அதே தளத்தில் ‘கஸ்டம் பிட் ஃபார் சர்வீசஸ்’ என்ற வழி இருக்கிறது. உங்கள் வேலை விவரத்தையும் நிபந்தனைகளையும் நீங்களே எழுதி ஏற்றலாம். தரத்தையும் விலையையும் சேர்த்து மதிப்பிடும் முறையை 2021 அக்டோபர் 29-ஆம் தேதி நிதி அமைச்சகப் பொது அறிவுறுத்தல் ஆலோசனை அல்லாத சேவைகளுக்கும் திறந்துவிட்டது. வரி உட்பட 10 கோடி ரூபாய்க்கு மேற்படாத சேவைக்கு நேரடியாகப் பயன்படுத்தலாம். அதற்கு மேல் என்றால் ‘தரம் சார்ந்த கொள்முதல்’ என்று உரிய அதிகாரி அறிவிக்க வேண்டும். தரத்தின் எடை 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

30 என்றால் குறைவு என்று தோன்றும். எண்ணிப் பார்த்தால் அப்படி இல்லை. ஒரு நிறுவனம் தொழில்நுட்பத்தில் 60 மதிப்பெண், விலை 1 கோடி. இன்னொன்று 90 மதிப்பெண், விலை 1.10 கோடி. முதலாவதற்கு விலைக்கு முழு 70, தரத்துக்கு 90-இல் 60 வீதம் 20, மொத்தம் 90. இரண்டாவதற்கு விலைக்கு 63.64, தரத்துக்கு 30, மொத்தம் 93.64. இரண்டாவதுதான் ஜெயிக்கும். விலை 1.16 கோடி போட்டாலும் ஜெயிக்கும், 1.17 போட்டால் தோற்கும். தணிக்கையாளர் கேட்டால் காட்ட ஒரு சூத்திரம் கையில் இருக்கிறது. எல்-1 தவிர வேறு எதையும் தொட்டால் ஆடிட் பாரா (தணிக்கை ஆட்சேபணை) வரும் என்ற பயத்துக்கு இங்கே அவசியமில்லை.

ஆனால் மதிப்பெண் பட்டியலை யார் எழுதுகிறார்கள் என்பதில் எல்லாம் இருக்கிறது. விற்றுமுதல், ஐஎஸ்ஓ சான்றிதழ், நிறுவன வயது என்று மதிப்பெண்களைப் பிரித்துவிட்டால் பெரிய செக்யூரிட்டி ஏஜென்சிகள்தான் மறுபடி மேலே வரும். எங்கள் யோசனை: பாதிக்கு மேற்பட்ட மதிப்பெண் ஆட்கள் நிலைத்திருப்பதற்கும் முன்னணி ஆட்களின் தகுதிக்கும் போகட்டும். நிலைத்திருப்பதை அளக்க வாக்குறுதிக் கடிதம் கேட்காதீர்கள். பிஎஃப் அலுவலகத்தில் மாதாமாதம் ஏற்றும் ஈசிஆர் பட்டியலில் ஒவ்வொரு தொழிலாளியின் யூஏஎன் எண்ணும் (நிறுவனம் மாறினாலும் மாறாத பிஎஃப் அடையாள எண்) இருக்கும். முந்தைய ஒப்பந்தத்தின் முதல் மாதப் பட்டியலையும் இருபத்து நான்காம் மாதப் பட்டியலையும் பக்கத்தில் வைத்து எத்தனை எண் இரண்டிலும் இருக்கிறது என்று எண்ணினால் போதும். நாற்பதில் முப்பத்திரண்டு இருந்தால் 80 சதவீதம். யாரும் ஏமாற்ற முடியாத அளவுகோல், உங்களுக்கு ஒரு பைசா செலவில்லை.

‘இதே போன்ற பணி’ என்பதற்கான விளக்கத்தையும் இறுக்க வேண்டும். ‘அரசு நிறுவனத்துக்கு ஆள் வழங்கிய அனுபவம்’ என்று விட்டால் கேட்டில் காவலாளி வைத்தவரும் தகுதி பெறுவார். ‘உயர் அழுத்த வாயு அல்லது கிரையோஜெனிக் அமைப்பு, அல்லது அளவீட்டுக் கருவி அமைப்பில் இயக்கமும் பராமரிப்பும்’ என்று எழுதுங்கள். ரேடியோகிராஃபி என்றால் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் ஏற்கும் தகுதியுள்ளவர் பெயரோடு வர வேண்டும். பிறகு ‘நியமித்துக்கொள்கிறோம்’ என்ற உறுதிமொழி வேண்டாம்.

இன்னொரு காரணம் உங்கள் சட்டப் பிரிவுக்கு. ஆளை மட்டும் வாங்கி, உங்கள் பொறியாளரே தினமும் வேலை சொல்லி, அவரே விடுப்புக் கொடுத்து, அவரே ஆளை மாற்றச் சொன்னால், அந்த ஒப்பந்தம் வெறும் போர்வை என்று தொழிலாளர் தீர்ப்பாயம் சொல்ல வாய்ப்பிருக்கிறது. ஸ்டீல் ஆணையம் வழக்கில் 2001-இல் உச்ச நீதிமன்றம் ஒப்பந்தத் தொழிலாளர் தானாகவே நிரந்தரமாகிவிட மாட்டார் என்றது. ஒப்பந்தம் போலி என்று நிரூபித்தால் கதை வேறு என்பதையும் சேர்த்தே சொன்னது. ‘இத்தனை சேனல் அளவீடு சரிபார்த்து ஒப்படைப்பது’, ‘சோதனைக்கு முன் இத்தனை இணைப்புகளின் கசிவு அறிக்கை’ என்று வேலையை எழுதி, மேற்பார்வையை ஒப்பந்ததாரரின் சூப்பர்வைசரிடம் விட்டால் இந்த ஆபத்து பெருமளவு குறையும்.

அடுத்தது ஒப்பந்தம் கைமாறும் நேரம். ஆர்டர் கிடைத்த 15 நாளில் ஆட்களை இறக்கு என்கிறது நிபந்தனை. போலீஸ் சரிபார்ப்பு முடியாமல் கேட் பாஸ் கிடையாது என்கிறது பாதுகாப்புப் பிரிவு. சரிபார்ப்பு எங்கள் கையில் இல்லை. ஆனால் தாமத அபராதம் வாரத்துக்கு அரை சதவீதம், உச்சம் 10 சதவீதம், ஆர்டர் தேதியிலிருந்து எண்ணிய அந்த 15 நாள் முடிந்ததுமே ஓடத் தொடங்கும். மேலே காட்டிய 3.85-ஐ நினைவில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள். அபராதக் கடிகாரம் விண்ணப்பம் முழுமையாகக் கொடுத்து, பாஸ் கிடைத்த நாளிலிருந்து ஓடட்டும். பழைய நிறுவனம் கடைசி நாள் மாலை ஆளையும் பதிவேட்டையும் எடுத்துக்கொண்டு போய்விடுவதும் நிற்க வேண்டும். அமெரிக்க அரசுக் கொள்முதல் விதிநூலில் நெடுங்காலமாக ஒரு ஷரத்து உண்டு: தொடர்ச்சி அவசியமான சேவைகளில், ஒப்பந்தம் முடிந்தபின்னும் 90 நாள் வரை பழைய ஒப்பந்ததாரர் புதியவருக்குக் கைமாற்றிக் கொடுக்க வேண்டும், அதற்கான நியாயமான செலவை அரசு தரும். இங்கே 30 நாள் போதும். இரண்டு நிறுவனமும் ஒரே நேரத்தில் பில் போடும் அந்த 30 நாளை எஸ்டிமேட்டிலேயே தனி வரியாகச் சேருங்கள். சேர்க்காவிட்டால் நிதிப் பிரிவு இரட்டைச் செலவு என்று திருப்பி அனுப்பும்.

ஒப்பந்தக் காலம் ஓராண்டு, அப்புறம் மூன்று மூன்று மாதமாக நீட்டிப்பு என்ற பழக்கத்தையும் விட வேண்டும். மூன்றாண்டு, செயல்பாடு பார்த்து மேலும் இரண்டாண்டு என்று கொடுத்தால்தான் ஒரு கசிவுமானிக்கோ பயிற்சிக்கோ யாரும் முதல் போடுவார்கள்.

பில் விஷயத்தில் ஒரு சிறு திருத்தம் பெரிய பலன் தரும். ஏப்ரல் மாதச் சம்பளத்தை மே 7-க்குள் போட வேண்டும். ஏப்ரலுக்கான பிஎஃப், இஎஸ்ஐ கட்டக் கடைசி நாள் மே 15. ஏப்ரல் பில்லோடு ஏப்ரல் சலானையே இணைக்கச் சொன்னால், பெரும்பாலான பில் மே 16-க்கு முன் உங்கள் மேசைக்கு வராது. பிறகுதான் வருகைச் சான்று, பிரிவுத் தலைவர் கையெழுத்து, கணக்குப் பிரிவு. முந்தைய மாதச் சலானும், இந்த மாதச் சம்பளம் வங்கியில் போட்ட பட்டியலும் போதும் என்று மாற்றினால் ஒன்பது பத்து நாள் மிச்சம். வருகைச் சான்றுக்கு மூன்று வேலை நாள் கெடு வையுங்கள். அதற்குள் ஆட்சேபணை வராவிட்டால் ஏற்றதாகக் கருதப்படும் என்று எழுதுங்கள். சிறு, குறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு கூட்டு வட்டி என்று 2006-ஆம் ஆண்டின் சிறு, குறு, நடுத்தர நிறுவன மேம்பாட்டுச் சட்டம் சொல்கிறது. ஆனால் வாடிக்கையாளர்மேல் புகார் போட்டுவிட்டு அடுத்த டெண்டருக்கு அவர் வாசலில் நிற்க எந்தச் சிறு நிறுவனத்துக்கும் துணிச்சல் வராது. அதனால் அந்த உரிமை பெரும்பாலும் காகிதத்தோடு நிற்கிறது.

மத்திய குறைந்தபட்ச ஊதியத்தின் பஞ்சப்படி ஏப்ரல் 1, அக்டோபர் 1 தேதிகளில் மாறும். அந்த உயர்வும் அதன்மேலான பிஎஃப், போனஸ், கிராஜுவிட்டியும் தானாகவே பில்லில் ஏறும் என்று ஒரு வரி வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, குறிப்பிட்ட கால நியமனத்தில் இருப்பவருக்கு ஓராண்டிலேயே கிராஜுவிட்டி உரிமை வருகிறது. ஐந்தாண்டு யாரும் இருக்க மாட்டார்கள் என்ற பழைய நம்பிக்கையில் கிராஜுவிட்டிக்குச் சுழி போட்டுத் தயாரித்த எஸ்டிமேட்களை இனி எடுத்து வைத்துவிடுங்கள்.

பட்டறை வேலைக்கு வருவோம். மாரேஜிங் எஃகு, டைட்டானியம் கலவை போன்றவற்றை நீங்களே இலவசமாகத் தந்து கடைந்து வாங்கும் ஒப்பந்தங்களில், பொருளின் முழு மதிப்புக்கும் பேங்க் கேரண்டி கேட்பது வழக்கம். எடுத்துக்காட்டாக, கடைசல் கூலி 12 லட்சம், பொருள் 60 லட்சம் என்றால், 12 லட்ச வேலைக்காக 60 லட்சத்துக்குக் கேரண்டி. வங்கி அதற்கு ரொக்க மார்ஜினும் சொத்து ஈடும் கேட்கும். வேலை தெரிந்த சிறு பட்டறை இதிலேயே ஒதுங்கிவிடும். பொருளை ஐந்து தவணையாகக் கொடுங்கள். 12 லட்சக் கேரண்டியை வைத்துக்கொண்டு, ஒரு தவணை முடிந்து வந்ததும் அடுத்ததை விடுங்கள். தீ, திருட்டுக்கு உங்கள் பெயரில் காப்பீடு. சீவல், துண்டு, நிராகரித்த பாகம் அனைத்தையும் எடை போட்டு ஹீட் நம்பர் (உலோகம் உருக்கிய தொகுதியின் எண்) வாரியாகத் திருப்பும் கணக்குப் படிவத்தை டெண்டரோடு இணைத்துவிட்டால், கடைசியில் சில கிலோ சீவலுக்காக முழு பில்லும் நிற்கும் கூத்து நடக்காது. முதல் பாகத்தைப் பரிசோதித்து ஒப்புதல் தர எத்தனை நாள் என்பதையும் எழுதுங்கள். அதுவரை எந்திரம் சும்மா நிற்கிறது.

வடிவமைப்பு, கணக்கீட்டு உதவிக்குச் சுருக்கமாக மூன்று: மென்பொருள் உரிமம் யார் தருவது, அறிக்கை ஒப்படைத்தால் எத்தனை நாளில் திருத்தம் சொல்வீர்கள், எத்தனை திருத்தத்துக்கு மேல் கூடுதல் கூலி. மூன்றும் டெண்டரில் இருந்தால் சண்டை இல்லை.

குலசேகரன்பட்டினம் ஏவுதளத்தின் இயக்க, பராமரிப்பு டெண்டரை வெளியிடுமுன் அதன் வரைவை உங்கள் கொள்முதல் தளத்தில் 21 நாள் கருத்துக்கு வையுங்கள். விலை கேட்குமுன் நடக்கும் ப்ரீ-பிட் கூட்டத்தில் எழும் கேள்விகளுக்கான பதிலை, கேட்டவர் பெயர் இல்லாமல், எல்லோரும் பார்க்கும்படி போடுங்கள். ஊதியப் பிரிப்பு அட்டவணை, மதிப்பெண் பட்டியல், பொருள் திருப்பும் படிவம் மூன்றுக்கும் மாதிரி தயாரித்து எங்கள் செலவில் பெங்களூருக்கோ மகேந்திரகிரிக்கோ வந்து விளக்கத் தயாராக இருக்கிறோம். தேதி மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பொறியியல் உதவிச் சேவை வழங்கும் சிறு, குறு நிறுவனத்தார்